கேட்டால்தான் வரும் வாக்குச்சீட்டு

ஜவ்வாது மலையில் தேர்தல் பெரும்பாலும் புளி உலுக்கும் காலத்தில்தான் வருகிறது. 2019இல் ஏப்ரல் 18, 2021இல் ஏப்ரல் 6, 2024இல் ஏப்ரல் 19. வீட்டில் தெம்புள்ளவர்கள் எல்லாரும் மரத்தடியில் இருப்பார்கள். திண்ணையில் மிஞ்சுவது கிழவனும் கிழவியும். வாக்குச்சாவடி வரை நடக்க முடியாதவர்கள் அவர்கள்தான். ஒரு அலுவலர் தாளோடு வந்து நின்றால், அது என்ன தாள் என்று படித்துச் சொல்ல ஆளில்லாமல் இருப்பவர்களும் அவர்கள்தான். அவர்களுக்காகவும், அவர்களுக்குப் படித்துக் காட்டப்போகும் பேரப்பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் இந்த மலைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தே வயதானவன். வாத்தியார் வேலையோடு தேர்தல் வேலையும் சேர்ந்தே வரும். வாக்குப்பெட்டிக் காலத்திலும் இயந்திரக் காலத்திலும் சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் கண்டது இதுதான். உரிமையை இழப்பவர்களில் பலருடைய உரிமையை யாரும் வந்து பறிப்பதில்லை. கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் விடுகிறார்கள்; கைக்கு வந்ததை முறைப்படி ஒப்படைக்காமல் விடுகிறார்கள். ரேஷன் அட்டை, பட்டா, முதியோர் உதவித்தொகை எல்லாவற்றிலும் இதே கதைதான். தபால் வாக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே நாள் தவறினால் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

யாருக்கு உண்டு

முன்பெல்லாம் தபால் வாக்கு என்றால் பெரும்பாலும் ராணுவத்தில் இருப்பவர்களுக்கும், தேர்தல் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கும்தான். 2019 அக்டோபரில் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தி, 80 வயது கடந்தவர்களுக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்தார்கள். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்னால், 80 என்றிருந்ததை 85 ஆக்கிவிட்டார்கள். 2021இல் 81 வயதில் வீட்டிலிருந்தபடி வாக்களித்த ஒரு பெரியவர் 2024இல் 84 வயதில் சாவடிக்குப் போக வேண்டியதாயிற்று. வயது ஏறியது, சலுகை இறங்கியது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய சட்டமன்றத் தேர்தல்களில் 80 கடந்தவர்களில் 97, 98 சதவீதம் பேர் வீட்டு வாக்கு வேண்டாம் என்று சாவடிக்கே போனார்களாம். எனக்கு அதில் வியப்பில்லை. எங்கள் மலையில் ஓட்டுப் போடும் நாள், சொந்தபந்தத்தை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கிற நாள். கம்பு ஊன்றியாவது போய், விரலில் மை வைத்துக்கொண்டு, நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டு வந்தால்தான் ஆயாவுக்குத் திருப்தி. நடக்க முடிந்தவர்கள் நடந்து போய்ப் போடுங்கள், அதுவே நல்லது. முடியாதவர்கள் வீம்பு பிடிக்காமல் வீட்டு வாக்கைக் கேளுங்கள். முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது.

85 ஆகவில்லை, ஆனால் இடுப்பும் முழங்காலும் விட்டுப்போயிற்று என்பவர்களுக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. மருத்துவக் குழு பார்த்து 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று கொடுத்தால், எந்த வயதிலும் வீட்டு வாக்கு கேட்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழைத் தேர்தல் அறிவித்த பிறகு தேடினால் கிடைக்காது. மாற்றுத்திறனாளிகள் முகாம் நடக்கும்போதே போய் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பஸ் பாஸிலிருந்து உதவித்தொகை வரை எல்லாவற்றுக்கும் அது உதவும்.

கேட்கும் முறை

முதல் வேலை, உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் எங்கள் மலை ஒன்று, மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவண்ணாமலை மாவட்டம், கலசப்பாக்கம் தொகுதி. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு பக்கத்தவர்களுக்குத் திருப்பத்தூர். பீஞ்சமந்தை பக்கத்தவர்களுக்கு வேலூர் மாவட்டம், அணைக்கட்டு. மகள் வீட்டோடு இருக்கும் ஆயா ஒரு மாவட்டத்தில் இருப்பார். பெயர் அடுத்த மாவட்டத்துப் பட்டியலில் இருக்கும். வீட்டு வாக்குக் குழு பட்டியலில் உள்ள முகவரிக்குத்தான் வரும். ஆகவே பெயரை இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் படிவம் 8.

இரண்டாவது, பட்டியலில் உங்கள் வயது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த தேதி எழுதி வைக்காத தலைமுறை எங்களுடையது. பெரும் பஞ்சத்தில் பிறந்தவர், பெருமழையில் பிறந்தவர் என்றுதான் கணக்கு. கணக்கெடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வயதை எழுதிவிட்டுப் போயிருப்பார். 87 வயதுக்காரருக்குப் பட்டியலில் 79 என்றிருந்தால், சட்டத்தின் கண்ணில் அவருக்கு 79தான். அதைத் திருத்தவும் அதே படிவம் 8. 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலோ, வாக்காளர் செயலியில் பார்த்தாலோ பெயரும் வயதும் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரிந்துவிடும். மலையில் சிக்னல் கிடைக்காத ஊர்கள் உண்டு. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகும் பேரனிடம் அட்டையைக் கொடுத்து அனுப்புங்கள்.

மூன்றாவதுதான் விண்ணப்பம். அதற்குப் படிவம் 12டி என்று பெயர். தேர்தல் அறிவித்ததும் உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., வீடு தேடி வந்து அதைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ பள்ளி ஆசிரியரோதான் அந்த வேலையைப் பார்ப்பார். தெரிந்த முகமாகத்தான் இருக்கும். பெயர், முகவரி, வாக்காளர் அட்டை எண், பாகம் எண், வரிசை எண், என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்பது, இவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ வைத்து அவரிடமே கொடுத்துவிடலாம்.

காலக்கெடு மட்டும் கண்டிப்பானது. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் படிவம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 2024இல் தேர்தல் தேதியை மார்ச் 16 அன்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கான அறிவிக்கை மார்ச் 20 அன்று வந்தது. 12டி கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 25. வாக்குப்பதிவோ ஏப்ரல் 19. இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறதே, புளி வேலை முடியட்டும் என்று இருந்தவர்களுக்கு வாய்ப்புப் போயிற்று. விதைக்கிற மழையை விட்டுவிட்டுச் சாமையைக் குறை சொல்லி என்ன பயன்?

பி.எல்.ஓ. வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். வீட்டிலிருந்து ஒருவர் தாலுகா அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். யாராவது வந்து கொடுப்பார்கள் என்று காத்திருப்பது எங்கள் தலைமுறையோடு போகட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 12டி ஏற்கப்பட்டுவிட்டால், சாவடியில் இருக்கும் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அதன் பிறகு மனசு மாறி, உடம்பு தேறிவிட்டது, சாவடிக்கே போகிறேன் என்று கிளம்பினால் அங்கே வாக்களிக்க விடமாட்டார்கள். யோசித்துக் கேளுங்கள், கேட்ட பிறகு அதில் நில்லுங்கள்.

ஒப்படைக்கும் முறை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாக்காளர் அனைவருக்கும் வாக்குச்சீட்டு தபாலிலேயே வந்துவிடும். அவர்களும் தபாலில் திருப்பி அனுப்புவார்கள், இல்லையென்றால் அதற்கென வைத்திருக்கும் பெட்டியில் போடுவார்கள். நம் வீட்டு வாக்கு அப்படிப்பட்டதல்ல. இதில் தபால்காரருக்கு வேலையே கிடையாது. வாக்குச்சாவடி உங்கள் வீட்டுக்கு வருகிறது. இரண்டு தேர்தல் அலுவலர்கள், காவலர், வீடியோ எடுப்பவர் என்று ஒரு குழுவாக வருவார்கள். எந்த நாள் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்வார்கள். வேட்பாளர்களுக்கும் தெரிவிப்பார்கள், அவர்கள் முகவர்களும் கூட வரலாம். அன்று நீங்கள் வீட்டில் இல்லை என்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லை என்றால் அவ்வளவுதான், மூன்றாம் முறை கிடையாது. வாக்குப்பதிவு நாளுக்கு முந்தைய நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். ஆகவே அந்த நாட்களில் ஆயாவை அடுத்த ஊர்க் காதுகுத்துக்கு அழைத்துப் போகாதீர்கள்.

அடையாள அட்டையைக் காட்டியதும் வாக்குச்சீட்டோடு மூன்று தாள்களைப் பார்ப்பீர்கள். 13ஏ என்பது, இந்த வாக்கைப் போடுபவர் நான்தான் என்ற உறுதிமொழி. அதில் நீங்கள் கையெழுத்து வைக்க, வந்திருக்கும் அலுவலர் சான்றொப்பமிடுவார். 13பி உள் உறை. வாக்குச்சீட்டில் குறியிட்டு மடித்து இதற்குள் வைத்து ஒட்ட வேண்டும். 13சி வெளி உறை. ஒட்டிய உள் உறையையும் உறுதிமொழித் தாளையும் சேர்த்து இதற்குள் வைத்து ஒட்டி, அந்தக் குழுவிடமே கொடுத்துவிட வேண்டும். உறுதிமொழித் தாளைத் தவறிப்போய் உள் உறைக்குள் வாக்குச்சீட்டோடு வைத்து ஒட்டிவிடக் கூடாது. எண்ணும் இடத்தில் முதலில் வெளி உறையைத்தான் பிரிப்பார்கள். உறுதிமொழி அதில் இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, வரிசை எண் பொருந்தவில்லை என்றால் உள் உறையைத் திறக்காமலேயே தள்ளிவிடுவார்கள். உள்ளே இருப்பது யாருக்குப் போட்ட வாக்கு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாமலே போகும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ராதாபுரத்தைச் சொல்வேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சான்றொப்பமிட்டவர்கள் அதற்குத் தகுதியான அதிகாரிகள் இல்லை என்று 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. வழக்கு நடந்தது. 2019 அக்டோபரில் அவற்றை எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம், எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அது வெளிவராமலே 2021இல் அடுத்த தேர்தல் வந்துவிட்டது. உறுதிமொழித் தாளில் இருந்த ஒரு கையெழுத்தைப் பற்றிய சண்டை, ஒரு சட்டமன்றத்தின் ஆயுளைத் தாண்டி நின்றது. 2020இல் பீகாரின் ஹில்சா தொகுதியில் வித்தியாசம் 12 வாக்கு. தள்ளப்பட்ட தபால் வாக்குகள் 182. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். உறையில் போடுவதையும் அளந்துதான் போட வேண்டும்.

எங்கள் வாத்தியார் கூட்டத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் படிவம் 12 கொடுத்துத் தபால் வாக்கு வாங்குவார்கள். முன்பு அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சான்றொப்பம் வாங்க நாளைக்குப் போகலாம், நாளன்றைக்குப் போகலாம் என்று பையிலேயே கிடந்து வீணான உறைகள் எத்தனையோ. ஊருக்கெல்லாம் ஓட்டுப் போட வைத்தவர்கள் தங்கள் ஓட்டைக் கோட்டை விட்டார்கள். 2023இல் விதியை மாற்றி, பயிற்சி நடக்கும் இடத்தில் அதற்கென வைத்திருக்கும் மையத்திலேயே போட்டு முடித்துவிட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சரியான மாற்றம்.

வீட்டுக்குள் ரகசியம்

இனிச் சொல்வது பிள்ளைகளுக்கு. சாவடியில் மறைப்புக்குப் பின்னால் போகும் ஆயாவோடு நீங்கள் கூடப் போவதில்லை. வீட்டில் மட்டும் ஏன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறீர்கள்? வீடியோ எடுப்பவர்கூட நடைமுறையைத்தான் படம் பிடிக்கலாம். குறியிடுவதைப் பிடிக்கக் கூடாது. சுத்தமாகக் கண் தெரியாதவர்களும், கையால் குறியிட முடியாதவர்களும் மட்டும், 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் வேலை, சொன்ன இடத்தில் குறியிடுவதும் வாயை மூடிக்கொள்வதும்தான்.

மலையில் ஒரு வீட்டில் நடந்தது நினைவுக்கு வருகிறது. குழு வந்து உட்கார்ந்ததும் மகன், “நீ கையெழுத்த மட்டும் போடும்மா, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றான். கிழவி நிமிர்ந்து பார்த்தாள். “சோறு ஊட்றப்ப வா. இப்ப வெளிய போய் நில்லு” என்றாள். அலுவலர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் வெளியே போய் நின்றான்.

அந்தக் கிழவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எது தன்னுடையது என்று தெரிந்திருந்தது. சொத்தை எழுதிக் கொடுத்தாயிற்று, சாவியைக் கொடுத்தாயிற்று, என்ன சமைப்பது என்று சொல்லும் அதிகாரமும் மருமகளுக்குப் போயிற்று. கடைசி வரை ஒரு மனுஷியிடம் முழுசாக மிஞ்சுவது இந்த ஒரு முடிவுதான். அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறோம், அவள் வாக்கையும் நாமே போட்டால் என்ன என்று நினைக்கும் பிள்ளை, பாசத்தின் பெயரால் திருடுகிறான். பெரியவர்களும் இதை உணர வேண்டும். ‘நீயே போடுப்பா’ என்று தாளை நீட்டுவது பெருந்தன்மை இல்லை, சோம்பல்.

எல்லைக்குப் போகும் தாள், எஸ்டேட்டுக்குப் போகாத தாள்

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அவ்வளவு பேர் பட்டாளத்தில். அந்தப் பிள்ளைகளுக்கு வாக்குச்சீட்டு கம்ப்யூட்டர் வழியாகவே போய்விடுகிறது. அந்த முறையை முதலில் நடைமுறைப்படுத்தியது நம் பக்கத்தில்தான், 2016 நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். பதிவிறக்கி, அச்சிட்டு, குறியிட்டு, அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். அஞ்சல் தலை ஒட்ட வேண்டியதில்லை. வாக்கு எண்ணும் நாள் காலை 8 மணிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஒரு நிமிடம் தாமதமானாலும் எண்ணமாட்டார்கள். குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் இருப்பவருக்குக்கூடத் தபால் வாக்கு உண்டு.

ஆனால் மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் எஸ்டேட் கூலிக்குப் போகும் பிள்ளைக்கு இல்லை. 2022 டிசம்பரில், வெளியூரிலிருந்தே வாக்களிக்க உதவும் இயந்திரம் ஒன்றைச் செய்திருப்பதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது; அடுத்த மாதம் கட்சிகளை அழைத்துப் பேசியது; அதற்கு மேல் நகரவில்லை. எல்லையில் நிற்பவனைத் தேடிப் போகும் தாள், மிளகுத் தோட்டத்தில் நிற்பவனைத் தேடிப் போகாதது எனக்கு உறுத்துகிறது. இதை நம் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு வழி உண்டு. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒரு மலைக்காரரின் கணக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் கல்பா என்ற மலையூரில் ஷியாம் சரண் நேகி என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். பனி விழுந்து பாதை அடைபடும் என்பதால், நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் அந்தப் பகுதிக்கு மட்டும் 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவு வைத்தார்கள். தேர்தல் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் அதிகாலையிலேயே போய் வாக்களித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று பெயர் பெற்றார். அதன் பிறகு எத்தனையோ தேர்தல்களில் சாவடிக்குப் போய்த்தான் போட்டார். 2022இல், நூறைக் கடந்த வயதில், உடம்பு இடம் கொடுக்கவில்லை. நவம்பர் 2ஆம் தேதி வீட்டிலிருந்தபடி தபால் வாக்கு அளித்தார். 5ஆம் தேதி காலமானார். இமாச்சலில் வாக்குப்பதிவு நாள் 12. சாவடிக்குத்தான் போவேன் என்று அவர் அந்த நாளுக்குக் காத்திருந்தால் அந்த வாக்கு இல்லை. எழுபது ஆண்டு நடந்து போனவர், நடக்க முடியாதபோது நேரத்தோடு கேட்டு வாங்கிப் போட்டார். வயதானவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய விவேகம் அது.

ஆகவே என் வயதுக்காரர்களே, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரையும் வயதையும் முகவரியையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். தேர்தல் வரட்டும் என்று இருக்காதீர்கள். தேர்தல் அறிவித்த அன்றே பி.எல்.ஓ.விடம் 12டி கேளுங்கள். பிள்ளைகளே, தாத்தா ஆயாவுக்கு அதைப் படித்துச் சொல்லுங்கள், படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், குழு வரும் நாளில் வீட்டில் இருங்கள். வாக்குச்சீட்டை அவர்கள் கையில் கொடுத்த பிறகு மட்டும், எழுந்து வெளியே போய்விடுங்கள்.